மகள் வீட்டுத் தண்ணீர்

பெரியகுளத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "பதினோரு வாரமாகத் தொடரைப் படித்து வருகிறேன். மூன்று வேளையும் செபம் சொல்கிற ராயப்பன், கோயிலில் எல்லோரும் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கப் போகும்போது மட்டும் ஏன் தரையில் உட்கார்ந்தே இருக்கிறார்? அதைச் சொல்லாமல் இழுத்தடிக்கிறீர்களே, நியாயமா?"

நியாயமில்லைதான் அம்மா. இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு, சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று என்னைத் திட்டக் கூடாது.

புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. ராயப்பனுக்குச் சாணார்பட்டி பக்கம் கிணத்துமேட்டில் ஒன்றரை ஏக்கர் நிலம். தக்காளி, மிளகாய், ஒரு மூலையில் சம்பங்கி. ஞாயிற்றுக்கிழமை செடியில் கை வைக்க மாட்டார். பழம் வெடித்து உதிர்ந்தாலும் சரி, ஒட்டன்சத்திரத்தில் விலை எகிறிக் கிடந்தாலும் சரி. உச்சி மணி அடித்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, சேற்றில் நின்றபடி செபம் சொல்வார். மனைவி பிரகாசி. மகன் சவேரி, தக்காளிக் கூடைகளோடு மார்க்கெட்டே கதி என்று இருப்பவன். மூத்த மகள் அமலோற்பவம்.

அமலி வேடசந்தூர் மில்லுக்கு வேலைக்குப் போனாள். அங்கே ஃபிட்டராக இருந்த சுருளிவேலை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். எட்டு வருடமாகிறது. அன்றிலிருந்து அவள் கிணத்துமேட்டுக்கு வந்ததில்லை, ராயப்பன் அவள் வாசலை மிதித்ததில்லை.

போன வாரம் கிணற்றடியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது நினைவிருக்கும். உடனே மதுரைக்குப் போகச் சொன்னார் டாக்டர். "பாஸ்கா முடியட்டும், போவோம்" என்று வந்துவிட்டார் நம் ஆள்.

இன்று புதன்கிழமை. விடிந்தால் பெரிய வியாழன், ஞாயிறு வந்தால் பாஸ்கா என்கிற ஈஸ்டர்.

* * *

"காப்பித்தண்ணி ஆறுதுங்க."

"வேணாம்."

"கருப்பட்டி போட்டிருக்கேன்."

"வேணாம்னா விடேன் பிரகாசி. ஒட்டன்சத்திரம் வரைக்கும் போய்ட்டு வாரேன். மார்க்கெட்டுல ஒரு ஆளைப் பார்க்கணும்."

மார்க்கெட்டில் பார்க்க வேண்டிய ஆளையெல்லாம் சவேரி தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். பிரகாசி அதைச் சொல்லவில்லை. பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை அவர் மாட்டுவதைப் பார்த்தாள். மஞ்சள் பைக்குள் இரண்டு படி கொடுக்காப்புளி இருப்பதையும் பார்த்தாள். அமலிக்குச் சின்ன வயதில் சோறு வேண்டாம், கொடுக்காப்புளி போதும்.

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டிருந்தது. குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுக்கும் ஓலையில் ராயப்பன் வருடா வருடம் ஐந்து சிலுவை பின்னுவார். வீட்டு நிலைக்கு ஒன்று, வயலின் நாலு மூலைக்கு நாலு. இந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு பின்னினார். ஆறாவதை செபப் புத்தகத்துக்குள் வைத்தார். அந்தப் புத்தகமும் இப்போது பையில் இருந்தது.

"வெறும் வயித்தோட வெயில்ல அலையாதீங்க. டாக்டரு என்ன சொன்னாரு?"

"அந்தக் காலத்துல நன்மை வாங்கணும்னா நடுச்சாமத்துல இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படக் கூடாது. அப்ப என்ன நாம செத்தா போயிட்டோம்?"

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒட்டன்சத்திரத்தில் யாரும் நன்மை கொடுப்பதில்லை. பிரகாசி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

வாசலில் அவர் செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து, "பத்திரமாப் போய்ட்டு வாங்க. அவசரமில்ல, இருந்து, நின்னு வாங்க" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. புளிய மரத்து வளைவு வரை அந்த வெள்ளைச் சட்டை தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

* * *

பிரகாசிக்குத் தெரியும். எட்டு வருடமாகத் தெரியும்.

அமலி வீட்டை விட்டுப் போன அந்த வருடம், இதே போல ஒரு தவக்காலத்தில், ஊரே பாவசங்கீர்த்தனம் செய்ய, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற, கோயிலில் வரிசையில் நின்றது. அப்போதிருந்த பெரிய சாமியார் நல்லவர், காது மட்டும் மந்தம். காது மந்தமானவர்களுக்குத் தாங்கள் பேசுவது எவ்வளவு சத்தம் என்பது தெரியாது. மகளை மனதார வெறுக்கிறேன், மன்னிக்க வரவில்லை என்று ராயப்பன் குசுகுசுவென்று சொன்னதை அவர் எப்படியோ கேட்டுக்கொண்டார். பதில்தான் மரத் தடுப்பைத் தாண்டி வந்தது.

"ராயப்பா, அம்பத்து மூணு மணி செபம் சொன்னாலும் இது தீராதுய்யா. மக வீட்டுக்குப் போ. அவ கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடி. அதுதான் உனக்கு நான் போடுற அபராதம்."

வரிசையில் அடுத்து நின்றவள் பிரகாசி.

அவளுக்குப் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது, வார்த்தை வார்த்தையாக. பாவசங்கீர்த்தனத்தில் தவறிப்போய் காதில் விழுந்ததைக்கூட வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் பெரும் பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் படித்தவள் அவள். ஊரில் சொல்லவில்லை. மகனிடம் சொல்லவில்லை. கட்டினவரிடமும் சொல்லவில்லை.

அபராதத்தைத் தீர்க்காமல் நன்மை வாங்கக் கூடாது என்று அவராக முடிவு கட்டிக்கொண்டார். சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "மன்னிப்பு அன்னைக்கே குடுத்தாச்சுய்யா, நீ நன்மை வாங்கு, அபராதத்தைச் சீக்கிரம் முடி" என்று சொல்லியிருப்பார். கேட்க வெட்கம். பெரிய சாமியார் மாற்றலாகிப் போனார், பிறகு இறந்தும் போனார். புதிதாக வந்தவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல இன்னும் வெட்கம்.

ஞாயிறுதோறும் ஆண்கள் பக்கம் அத்தனை பேரும் எழுந்து பீடத்துக்குப் போவார்கள். வெறுந்தரையில் ராயப்பன் ஒருவர் மட்டும் குனிந்து உட்கார்ந்திருப்பார். ஊர் சும்மா இருக்குமா? திண்டுக்கல்லில் இன்னொரு குடும்பம் என்றார்கள். எல்லைக் கல்லைத் தள்ளி நட்டுவிட்டார் என்றார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து பிரகாசி நன்மை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அவர் இருக்கிற பக்கம் பார்க்காமல் வரப் பழகியிருந்தாள்.

ஒரே கூரைக்குக் கீழே, ஒரே ரகசியத்தை இரண்டு பேரும் தனித்தனியாக வைத்துக்கொண்டு எட்டு வருடம் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். 'போயிட்டுத்தான் வாங்களேன்' என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் போதும். எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. சொன்னால் தான் கேட்டது தெரிந்துவிடுமே என்று விழுங்கிக்கொண்டாள்.

இன்று அவள் காப்பியைச் சாக்கடையில் ஊற்றினாள். அவளும் குடிக்கவில்லை.

* * *

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வேடசந்தூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார் ராயப்பன். இந்தப் பஸ்ஸில் அவர் ஏறுவது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் தாடிக்கொம்புக்கு மேல் போகவில்லை. அங்கே இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டார்.

தாடிக்கொம்பு வந்தது. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் விசிலடிக்கிற வரை விடவில்லை.

நாளை பெரிய வியாழன். எட்டு வருடத்துக்குப் பிறகு நாளைக்கு நன்மை வாங்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும். போன வாரம் நெஞ்சு வலித்தபோது அவருக்குச் சாவு பயமாகத் தெரியவில்லை. இந்த அபராதத்தோடு போய் நிற்பதுதான் பயமாக இருந்தது. தண்ணீர் குடிக்கத்தானே போகிறோம், அதையும் நன்மை வாங்குகிற மாதிரி சுத்தமாக வாங்குவோம் என்று நேற்றுச் சாயங்காலமே தீர்மானித்துவிட்டார். நடுச்சாமத்திலிருந்து வாயில் ஒன்றும் படவில்லை.

என்ன சொல்லிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை. 'ஏத்தா, தண்ணி குடு' என்று நேராகக் கேட்டுவிடலாமா? 'நல்லாருக்கியா' என்று ஆரம்பிக்கலாமா? வேடசந்தூர் வரும் வரை மனசுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்.

விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி ஒன்பதரை. கதவில் பூட்டுத் தொங்கியது.

பக்கத்து வீட்டு பக்ருன்னிசா முந்தானையால் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"யாரைப் பார்க்கணும்?"

"அமலோற்பவம்... சுருளிவேல் வீடு."

"இதேதான். ரெண்டு பேரும் மில்லுக்குப் போயிருக்காக. காலை ஷிப்டு. ரெண்டரை மணிக்குத்தான் வருவாக. நீங்க?"

ராயப்பன் கதவிலிருந்த பூட்டைப் பார்த்தார். "அவ அப்பன்."

பக்ருன்னிசாவுக்குக் கதை தெரியும். தெருவில் ஒரே சுவர் வைத்து வாழ்கிறவர்களுக்கு எந்தக் கதைதான் தெரியாது? "அல்லாவே" என்று வாயில் கை வைத்தாள். ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வெயில்ல வந்திருக்கீக. முதல்ல இதைக் குடிங்க."

அவர் சொம்பைப் பார்த்தார். கை நீட்டவில்லை. "உங்க வீட்டுத் தண்ணியா ஆத்தா?"

"ஆமா."

"தப்பா நினைச்சுக்காத தாயி. அமலி வந்து குடுக்கட்டும். அவ கையாலதான் குடிக்கணும்."

"நோன்பா?"

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

நோன்பு என்றால் பக்ருன்னிசாவுக்குப் புரியும். மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. மில்லுக்கு ஆள் அனுப்பிச் சொல்லட்டுமா என்று கேட்டாள். அதற்கும் வேண்டாம் என்றார். "வேலையைக் கெடுக்க வேணாம். எட்டு வருசம் இருந்தாச்சு. செத்த நேரம் இருக்க மாட்டேனா?"

வாசல்படியில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஓலைச் சிலுவையை எடுத்து நாதாங்கியில் செருகினார். பக்கத்தில் கம்பி ஜன்னல் பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தார். சின்ன வீடு. மூலையில் ஒரு மண்பானை, அதன் மேல் தட்டு, தட்டின் மேல் கவிழ்த்த டம்ளர். பானையின் வெளிப்பக்கம் நீர் கசிந்து கருத்திருந்தது. நாலு எட்டில் எடுத்துவிடலாம். நடுவில் கம்பி.

பத்து மணிக்குப் படியில் பாதி வெயில். பதினோரு மணிக்கு முழுதும் வெயில். அவர் நகரவில்லை. நகர்ந்து அடுத்த வீட்டு நிழலுக்குப் போனால் அது அடுத்த வீடு. தெருவில் போன ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. பக்ருன்னிசா இரண்டு தடவை வந்து, "உள்ளே வந்து இருங்க" என்று கூப்பிட்டாள். இரண்டு தடவையும் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். தலைக்கு ஒரு பழைய குடையை விரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

உச்சிக்கு மணி அடிக்க அங்கே கோயில் இல்லை. பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ராயப்பன் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தன் செபத்தைச் சொன்னார். சொல்லும்போதே இடது தோளில் ஆரம்பித்தது. இறங்கிக் கை வரை வந்தது. வாயு, என்றார் தனக்குள். ரெண்டரைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்கலாம் என்று திரும்பினார். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பக்ருன்னிசா தொழுகையில் இருந்தாள்.

ஜன்னல் வழியே இன்னொரு தடவை பானையைப் பார்த்தார். பிறகு மகள் வீட்டுக் கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

* * *

தலையெல்லாம் பஞ்சுத் துகளோடு அமலி தெருமுனையில் திரும்பினாள். பின்னால் சுருளிவேல் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். வாசலில் குடைக்குக் கீழே யாரோ. பிச்சைக்காரரோ என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு நாதாங்கியில் இருந்த சிலுவை தெரிந்தது. அந்தப் பின்னல் அவளுக்குத் தெரியும். கடைசி மடிப்பை உள்பக்கமாகச் செருகுகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

"அப்பா!"

சாப்பாட்டுத் தூக்கு கீழே விழுந்து உருண்டது. ஓடிவந்து தோளைத் தொட்டாள். உடம்பு சூடாக இருந்தது. வெயிலின் சூடா, உயிரின் சூடா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"அப்பா, நாந்தாம்ப்பா, அமலி. எந்திரிங்கப்பா."

பக்ருன்னிசா அலறியடித்து வந்தாள். "காலையிலயே வந்துட்டாகடி. ஒரு வாய்த் தண்ணி வாங்க மாட்டேன்னுட்டாக. உன் கையாலதான் குடிப்பேன்னு சொல்லிட்டாக. அப்புறம் கண்ணசந்து தூங்குறாகன்னு விட்டுட்டேன். நான் நோன்புன்னு நினைச்சேன்டி, நோன்புன்னு நினைச்சேன்..."

"டாக்டரைக் கூட்டியாரேன்" என்று சுருளிவேல் சைக்கிளில் ஏறிப் பறந்தான்.

அமலியின் கையிலிருந்து சாவி மூன்று தடவை நழுவியது. பக்ருன்னிசா அவரைத் தாங்கிக்கொள்ள, பூட்டைத் திறந்து உள்ளே ஓடினாள். பானையிலிருந்து மொண்டு வந்து, அவர் தலையை மடியில் சாய்த்து, டம்ளரை உதட்டில் வைத்தாள்.

"குடிங்கப்பா. எங்க வீட்டுத் தண்ணிதாம்ப்பா. குடிங்க."

தண்ணீர் வாய்க்குள் போனது. கடைவாய் வழியே வழிந்தது. காலர் நனைந்தது, நெஞ்சு நனைந்தது. உள்ளே ஏதாவது இறங்கியதா? தொண்டை ஒரு தடவை அசைந்த மாதிரி அமலிக்கு இருந்தது. கண்ணில் நீர் மறைத்தது, அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதிரே இருந்த பக்ருன்னிசா நன்றாகப் பார்த்தாள். அவள் குடையை மடக்கினாள்.

டாக்டர் வந்தார். மணிக்கட்டைப் பிடித்தார், கண்ணைத் திறந்து பார்த்தார். உயிர் எப்போது போனது என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

* * *

கிணத்துமேட்டில் பிரகாசி நாலு மணியிலிருந்து வாசலில் நின்றாள். ஒரு மணிக்கு வந்துவிடுவார் என்று நினைத்தாள். மூன்றுக்கு வரும் பஸ்ஸிலும் இல்லை. மகள் சாப்பிடச் சொல்லியிருப்பாள், அதுதான் தாமதம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்த நினைப்பில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

ஐந்து மணிக்குப் புளிய மரத்து வளைவில் ஒரு டாக்ஸி திரும்பியது.

முன் சீட்டிலிருந்து சுருளிவேல் இறங்கினான். பின் கதவைத் திறந்தபோது அமலி தெரிந்தாள். மடியில் ராயப்பன். எட்டு வருடம் கழித்து மகள் பிறந்த வீட்டுக்கு வந்த விதம் அது.

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். யாரோ ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். யாரோ மணியடிக்கச் சொல்லக் கோயிலுக்கு ஓடினார்கள். பிரகாசி அழவில்லை. காரை ஒட்டி, உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கி நின்ற மருமகனைப் பார்த்தாள்.

"ஏன் தள்ளி நிக்கிறீங்க? நீங்களும் ஒரு கை பிடிங்க."

அவரை நடுவீட்டில் கட்டிலில் கிடத்தினார்கள். பெஞ்சு எடுக்க, ஆள் அனுப்ப, சவேரிக்குச் சொல்ல என்று எல்லோரும் வெளியே கலைந்த ஒரு நிமிடத்தில் அம்மாவும் மகளும் மட்டும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். எட்டு வருடம் பார்க்காத மகளிடம் பிரகாசி 'எப்படி இருக்க' என்று கேட்கவில்லை. 'என்ன ஆச்சு' என்றும் கேட்கவில்லை.

"தண்ணி குடிச்சாரா?"

அமலி நிமிர்ந்தாள். அம்மா இதை ஏன் கேட்கிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தன் பதிலுக்காக அந்த முகம் எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறது என்பது மட்டும் புரிந்தது.

"குடிச்சாரும்மா."

"உன் கையாலயா?"

"என் கையாலதான். ஒரு வாய்."

பிரகாசி குனிந்து அவருடைய காலரைச் சரிசெய்தாள். கழுத்தைச் சுற்றி, நெஞ்சு வரை, சட்டை இன்னும் ஈரமாக இருந்தது. அவள் விரல் அந்த ஈரத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பொத்தானைப் போட்டுவிட்டு, துண்டை இழுத்து நெஞ்சை மூடினாள்.

"போதும். சாமி ஒரு வாய்தான் சொன்னாரு" என்றாள்.

"எந்தச் சாமிம்மா? என்ன சொன்னாரு?"

 கோயிலில் துக்க மணி ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்திருந்தது. பிரகாசி அடுப்படிக்குப் போனாள். காலையிலிருந்து ஒன்றும் படாத தன் வாயை நனைத்துக்கொள்ள ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் நின்றாள்.